ஹேமக்கில் நனையாமல் தூங்க எத்தனை அடித் தார்ப்பாய் வேண்டும்?

இரு மரங்களுக்கு நடுவே ஹேமக் எனப்படும் துணித் தொங்கு படுக்கையைக் கட்டி வெட்டவெளியில் தூங்கிப் பழகத் தொடங்கும் பலரும் முதலில் கேட்பது, "தார்ப்பாய் எத்தனை அடி வாங்கலாம்?" என்றுதான். "பத்துக்குப் பத்து வாங்கிக்கோங்க" என்று உடனே ஒரு பதிலும் வந்துவிடும். நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் மழை இரவு விடியும்போது கால்மாட்டுப் பக்கம் முழுக்க ஈரம். முதுகுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தார்ப்பாய் கிழியவும் இல்லை, ஒழுகவும் இல்லை. எழுந்து நின்று நடமாட வசதியாக இருக்கட்டும் என்று அதைத் தலைக்கு மேல் உயரத்தில் கட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த இரவுக்குப் பிறகு, அளவை மட்டும் தனியாகப் பேசுவதை விட்டுவிட்டேன். படுக்கைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறோம், படுக்கையைத் தாண்டி எவ்வளவு துணி நீண்டிருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் சின்னத் துணியே போதும். இடைவெளி கூடக் கூட, பெரிய துணியும் பற்றாமல் போகும். கொஞ்சம் கணக்குப் போட்டால் இது தெளிவாகிவிடும். பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்குக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

மழை எப்படி உள்ளே வருகிறது

கூடாரத்துக்குச் சுவரும் தரையும் உண்டு. ஹேமக்குக்கு மேலே ஒரு கூரை மட்டும்தான், நான்கு பக்கமும் திறந்தே கிடக்கும். மழை நேர்க்குத்தாக மட்டும் விழுமானால் படுக்கையின் அளவுக்கு ஒரு துணியை மேலே விரித்தாலே போதும். நம்மை நனைப்பது சாரல்.

சாரல் எவ்வளவு சாயும் என்பதைத் துளி இறங்கும் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓரளவு பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் வேகத்தில் இறங்கும். அதே வேகத்தில் பக்கவாட்டில் காற்று அடித்தால் துளி 45 டிகிரி சாயும். அது மணிக்கு 23 கிலோமீட்டர் காற்று, சின்னக் கிளைகள் ஆடும் அளவு. தூறலின் கதை வேறு. அரை மில்லிமீட்டர் துளி நொடிக்கு 2 மீட்டர்தான் இறங்கும். அதை 45 டிகிரி சாய்க்க மணிக்கு 7 கிலோமீட்டர் காற்று போதும், அதாவது இலைகள் சலசலக்கும் அளவு. கொட்டும் மழையில் நனையாமல் தப்பித்தவர்கள் பின்னிரவுத் தூறலில் நனைந்து எழுவதற்கு இதுதான் காரணம். "தூறல்தானே" என்று தார்ப்பாயைத் தூக்கிக் கட்டாதீர்கள்.

இனிவரும் கணக்கு எல்லாவற்றுக்கும் 45 டிகிரிச் சாரலையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். அந்தச் சாய்வில் ஓர் அடி கீழே இறங்கும் துளி ஓர் அடி உள்ளேயும் வந்துவிடும். மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

நீளம்

முதலில் அளக்க வேண்டியது தார்ப்பாயை அல்ல, உங்கள் ஹேமக்கை. அதுவும் பையின் மேல் அச்சடித்திருக்கும் துணியின் நீளம் நமக்கு உதவாது. தொங்கவிட்ட பிறகு ஒரு முனை முடிச்சிலிருந்து மறு முனை முடிச்சு வரை நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். இரு முனையிலும் துணியைக் கொசுவிக் கட்டிய சாதாரண ஹேமக்குகள் பெரும்பாலும் 10 அடி அல்லது 11 அடி இருக்கும். மரத்தில் சுற்றிய, ஹேமக்கைத் தாங்கும் நாடாப் பட்டை சுமார் 30 டிகிரி சாய்வில் இறங்கும்படி கட்டினால், முனைக்கு முனை தூரம் துணி நீளத்தில் ஏறக்குறைய 83 சதவீதம் வரும். 11 அடி ஹேமக் தொங்கும்போது 9 அடியைச் சற்றே தாண்டும். 10 அடி ஹேமக் 8 அடி 4 அங்குலம் அளவில் நிற்கும். இதையே ஹேமக்கின் தொங்கு நீளம் என்று சொல்கிறேன்.

தார்ப்பாயின் முகட்டு நீளம், அதாவது கூரையின் நடுமுதுகாக இரு மரங்களுக்கும் நடுவே ஓடும் மடிப்பின் நீளம், இந்தத் தொங்கு நீளத்தை இரு முனையிலும் தாண்ட வேண்டும். முடிச்சுக்கும் முகட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால், 45 டிகிரிச் சாரலைத் தடுக்க இரு முனையிலும் ஒரு சாண் துணி நீண்டிருக்க வேண்டும். இரண்டு அடி இடைவெளி விட்டால் இரு முனையிலும் இரண்டு அடி வேண்டும். 9 அடித் தொங்கு நீளத்துக்கு முதல் நிலையில் பத்தரை அடி போதும். இரண்டாவது நிலையில் 13 அடி கேட்கும். கட்டும் உயரத்தைக் கொஞ்சம் மாற்றியதிலேயே தேவை இரண்டரை அடி ஏறிவிடுகிறது.

முடிச்சு நனைந்தால் என்ன, தலை அங்கேயா இருக்கிறது என்று தோன்றலாம். தலை உள்ளேதான் இருக்கிறது. ஆனால் ஹேமக் துணி முடிச்சிலிருந்து உங்களை நோக்கிச் சரிகிறது. கொசுவிய இடத்தில் விழும் தண்ணீர் மடிப்புகளின் வழியே கசிந்து இறங்கி முதுகுக்கு அடியில் வந்து சேரும்.

என் கருத்தில், 11 அடி ஹேமக் வைத்திருப்பவர் 11 அடி முகடுள்ள தார்ப்பாயை எடுக்கலாம். 10 அடியில் இரு முனையிலும் அரை அடிதான் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் மிகக் கச்சிதமாக நடுவில் கட்டத் தெரிந்தவருக்கு அது சரி, புதியவருக்குச் சரிவராது. இருட்டில் கட்டும்போது தார்ப்பாய் ஒரு பக்கம் அரை அடி நகர்ந்துவிடுவது சாதாரணம். அப்போது மறுமுனையில் ஒன்றுமே மிஞ்சாது. 12 அடி இன்னும் நிம்மதி தரும். ஆனால் இரு மரங்களுக்கும் நடுவே 12 அடிக்கு மேல் தூரம் இருந்தால்தான் அதை விறைப்பாக இழுத்துக் கட்ட முடியும். ஹேமக்குக்குப் பொருத்தமான மரங்கள் 12 அடி இடைவெளியிலேயே அடிக்கடி அமைந்துவிடுகின்றன. தார்ப்பாயின் முனை மரத்தில் முட்டிச் சுருங்கினால் அங்கே ஒரு பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கும்.

அகலம்

நீளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மக்கள் அதிகம் நனைவது பக்கவாட்டில்தான்.

ஒரு காட்சியை மனதில் வரையுங்கள். ஹேமக்கில் நீங்கள் படுத்திருக்கும்போது அதன் அடிப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்கி உட்கார அந்த உயரம்தான் வசதி. மேலே 10 அடி அகலமுள்ள தார்ப்பாய், முகட்டின் இருபுறமும் ஐந்தைந்து அடியாகச் சரிகிறது.

இதை நான் முதலில் கட்டியதுபோல் கட்டிப் பார்ப்போம். முகடு 7 அடி உயரம், இரு பக்கமும் 30 டிகிரிச் சரிவு. ஐந்து அடித் துணி பக்கவாட்டில் 4.3 அடி போகும், கீழே 2.5 அடி இறங்கும். ஆகவே அதன் விளிம்பு தரையிலிருந்து 4.5 அடி உயரத்தில் நிற்கிறது. விளிம்பை உரசிக்கொண்டு நுழையும் 45 டிகிரிச் சாரல் ஹேமக்கின் அடி மட்டத்துக்கு வருவதற்குள் 3 அடி இறங்கியிருக்கும், அதனால் 3 அடி உள்ளேயும் வந்திருக்கும். முகட்டுக்கு நேர் கீழான நடுக்கோட்டிலிருந்து 1.3 அடி வரைதான் உலர்ந்த இடம். ஹேமக்கில் யாரும் அதன் நீளப்போக்கில் நேராகப் படுப்பதில்லை. முதுகு வளையாமல் இருக்கக் குறுக்காகச் சாய்ந்து படுக்கிறோம். தலை ஒரு பக்கமும் கால் மறு பக்கமும் நடுக்கோட்டை விட்டு விலகிப் போகும். அந்த 1.3 அடிக்குள் அவை அடங்காது.

அதே தார்ப்பாயை இப்போது இறக்குவோம். முகடு 5 அடி உயரம், சரிவு 45 டிகிரி. ஐந்து அடித் துணி பக்கவாட்டில் 3.5 அடி, கீழேயும் 3.5 அடி. விளிம்பு ஒன்றரை அடி உயரத்தில், ஹேமக்கின் அடிப்பகுதிக்குச் சமமாக வந்துவிடுகிறது. சாரல் எவ்வளவு சாய்ந்தாலும் ஹேமக்கைத் தொட வழியில்லை. இருபுறமும் 3.5 அடி உலர்ந்த இடம்.

இன்னும் ஒரு கணக்கு. 8 அடி அகலமே உள்ள சின்னத் தார்ப்பாயை இதேபோல் 5 அடியில் 45 டிகிரியாகக் கட்டினால் விளிம்பு 2.2 அடி உயரத்தில் நிற்கும். ஹேமக் மட்டத்தில் இருபுறமும் சுமார் 2.1 அடி உலர்ந்திருக்கும். உயரத்தில் கட்டிய 10 அடித் தார்ப்பாய் தந்தது 1.3 அடிதானே. சின்னதே நன்றாகக் காக்கிறது.

அப்படியானால் பெரியது எதற்கு என்று கேட்கலாம். பெரியது உங்கள் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். மழையில் சமைக்க, உடை மாற்ற, பையையும் செருப்பையும் நனையாமல் வைக்க இடம் தரும். காற்று திசை மாறினாலும் எழுந்து வந்து திருத்த வேண்டியிருக்காது. 8 அடி அகலம் சரியாகக் கட்டினால் காக்கும், சரிவு கொஞ்சம் தளர்ந்தாலும் கைவிடும். 10 அடி அகலத்தில் இருபுறமும் ஓர் அடிக்கு மேல் கூடுதல் இடம் மிஞ்சுகிறது. மழைக்காலத்தில் ஹேமக் கட்டிப் பழகப் போகிறவருக்கு நான் எப்போதும் 10 அடி அகலத்தையே சொல்வேன்.

அகலத்தில் கஞ்சம் பிடிக்கக் கூடாத இன்னொரு சந்தர்ப்பம் குளிர்காலம். முதுகு குளிராமல் இருக்க ஹேமக்கின் வெளிப்புறம் அண்டர்குவில்ட் எனப்படும் அடிப்போர்வையைத் தொங்கவிடுவோம். பறவையின் மென்தூவி அடைத்த போர்வை நனைந்தால் தூவிகள் ஒட்டிச் சுருங்கி வெப்பத்தைப் பிடித்துவைக்கும் தன்மையை இழந்துவிடும். அது ஹேமக்கிலேயே தாழ்வான, விளிம்புக்கு அருகிலான இடத்தில் தொங்குகிறது. தரையில் மோதித் தெறிக்கும் சேற்றுத் தண்ணீரும் முதலில் படுவது அதன் மேல்தான்.

வடிவம் அளவை ஏமாற்றும்

"10 × 10" என்ற எழுத்தைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. ஒரே பரப்புள்ள துணி, வெட்டும் கட்டும் மாறினால் வேறு வேறு இடங்களைக் காக்கும்.

சதுரத் தார்ப்பாயை இரண்டு விதமாகக் கட்டலாம். பக்கத்துக்குப் பக்கம் மடித்தால் 10 அடி முகடு. மூலைக்கு மூலை மடித்தால் மூலைவிட்டம்தான் முகடு, 14 அடி வரும். 8 × 8 சதுரத்தை மூலைக்கு மூலை கட்டினால் 11.3 அடி முகடு கிடைக்கும். எடை குறைவு, முளைக்குச்சி இரண்டு போதும், கட்டுவதும் சுலபம். அதனால் இந்த முறைக்கு விரும்பிகள் அதிகம். ஆனால் துணி நடுவில் அகன்று முனைகளை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. 8 × 8 அளவில் வயிற்றுக்கு மேல் இருபுறமும் ஐந்தரை அடிக்கு மேல் துணி இருக்கும். நடுவிலிருந்து 3 அடி தள்ளி, தலையும் காலும் இருக்கும் இடத்தில் 2.7 அடிதான் மிஞ்சும். குறுக்காகப் படுப்பவருக்குத் துணி அதிகம் தேவைப்படும் இடமும் அதுதான். 10 × 10 சதுரத்தை இப்படிக் கட்டினால் அதே இடத்தில் 4 அடி கிடைக்கும். மூலைக்கு மூலை கட்ட விரும்பினால் அந்த அளவுக்குப் போங்கள். 14 அடி முகடு கேட்கும் மர இடைவெளியையும் நினைவில் வையுங்கள்.

குறுக்காகப் படுக்கும் பழக்கத்துக்கு ஏற்றாற்போலத் தலைப்பக்கம் ஒரு மூலையும் கால்பக்கம் எதிர்மூலையும் நீண்டிருக்கும் சமச்சீரற்ற தார்ப்பாய்களும் உண்டு. மிக இலேசானவை. நீங்கள் எந்தப் பக்கம் தலை வைக்கிறீர்கள் என்பதோடு அது பொருந்தாவிட்டால் தலையும் காலும் வெளியே நிற்கும். முதல் தார்ப்பாயாக நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அறுகோணத் தார்ப்பாய் புதியவருக்கு நல்ல நடுவழி. முகட்டு முனைகள் இரண்டு, பக்கத்துக்கு இரண்டு மூலைகள். நான்கு முளைக்குச்சியில் முடிந்துவிடும். பக்க விளிம்பு முகட்டைவிடக் குட்டையாக இருந்தாலும் தலையும் காலும் அதற்குள் வந்துவிடும். இதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். காற்றில் படபடக்காமல் விறைப்பாக நிற்க, விளிம்புகளை உட்பக்கமாக வில்போல் வளைத்து வெட்டியிருப்பார்கள். நல்ல உத்திதான். ஆனால் குறிப்பிட்டிருக்கும் அகலம் பெரும்பாலும் மூலைக்கு மூலை எடுத்த அளவு. வளைவின் நடுவில் அது சில அங்குலம் குறைந்திருக்கும். 8 அடி அகலத்தில் அந்தச் சில அங்குலமும் முக்கியம்.

செவ்வகத் தார்ப்பாய் நீள முழுவதும் ஒரே அகலத்தைக் கொடுக்கும். முனைகளில் மிஞ்சும் துணியை உள்ளே மடித்தால் கதவாகவும் ஆகும். காற்று முனைப்பக்கமாக அடிக்கும்போது அந்தக் கதவுகளுக்கு ஈடு எதுவும் இல்லை. குளிர்காலத்துக்கென்றே கதவு வைத்துத் தைத்தவையும் இந்த வகைதான். எடையும் முளைக்குச்சியும் கூடும். இரு முனையிலும் குறுக்குக்கம்பு வைத்த பாலம் போன்ற ஹேமக் உங்களுடையது என்றால் மூலைக்கு மூலை கட்டும் சதுரத்தை மறந்துவிடுங்கள். அந்த ஹேமக்கின் முனைகள் அகலமானவை, செவ்வகம்தான் மூடும்.

எடைக்கு ஒரு மதிப்பீடு: சிலிகான் பூசிய மெல்லிய துணி சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிராம் என்று வையுங்கள். 11 × 10 அடிச் செவ்வகம் ஏறத்தாழ 10 சதுர மீட்டர், ஆக அரைக் கிலோ. 8 × 8 சதுரம் 300 கிராம். இந்த 200 கிராம் வித்தியாசத்துக்காக நனைவது எனக்குச் சரியாகப் படவில்லை. நடக்கும் தூரம் நாளுக்கு நாள் நீளும் பயணமென்றால் நீங்கள் வேறு விதமாக முடிவெடுக்கலாம். துணியின் பரப்பு கூடினால் காற்று அதன்மேல் தரும் விசையும் அதே விகிதத்தில் கூடும். திறந்த மேட்டில் பெரிய தார்ப்பாய் கட்டுவதென்றால் முளைக்குச்சிகள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் நனைந்தால்

நான்கு மூலையும் காக்கப்பட்டிருந்தும் முதுகு நனைந்தால் ஹேமக்கைத் தாங்கும் நாடாப் பட்டையைப் பாருங்கள். அடிமரத்தில் வழியும் தண்ணீர் பட்டையில் ஏறி, 30 டிகிரிச் சரிவில் நேராக ஹேமக்கை நோக்கி ஓடிவரும். எந்தத் தார்ப்பாயும் இதைத் தடுக்காது. ஹேமக்கின் முடிச்சுக்குச் சற்று முன்னால், தார்ப்பாயின் நிழலுக்குள் வரும் இடத்தில், பட்டையில் ஒரு சாண் பருத்திக் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே சொட்டிவிடும். இரு முனையிலும் கட்ட வேண்டும். என் முதுகுக்கு அடியில் தேங்கிய தண்ணீருக்கு விளக்கம் இதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் இரண்டு மழை பிடித்தது.

நைலான் துணி ஈரத்தை உறிஞ்சி நெகிழும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நள்ளிரவில் தொய்ந்து, சரிவு குறைந்து, ஹேமக்கைத் தொடுமளவு இறங்கிவிடலாம். தூங்கப் போகுமுன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். பாலியெஸ்டர் துணியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. முதல் தார்ப்பாய்க்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஹேமக்கின் பக்கவாட்டில் காற்று மோதும்படி மரங்களைத் தேர்ந்தெடுங்கள். காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தரையை ஒட்டி இறக்கிவிட்டு, மறுபக்கத்தை வேண்டுமானால் உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். திறந்த முனைகள் காற்றைப் பார்க்காமல் இருக்கும்போது நீளத்தில் உள்ள குறை பெரிதாகத் தெரியாது. மேலே காய்ந்த கிளைகள் இல்லாத மரங்களாக இருக்க வேண்டும் என்பது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது. மழை விட்டும் தூவானம் விடாது என்பார்கள். மரத்தடியில் அது மணிக்கணக்கில் நீளும். மழை நின்ற கையோடு தார்ப்பாயைச் சுருட்டிவிடாதீர்கள்.

பணம் செலவழிக்கும் முன் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம். ஹேமக்கைக் கட்டி ஒருவர் அதில் குறுக்காகப் படுத்துக்கொள்ளட்டும். மேலே ஒரு கயிற்றை முகடுபோல் இழுத்துக் கட்டி, பழைய படுக்கை விரிப்பையோ பாலித்தீன் தாளையோ நீங்கள் யோசிக்கும் அளவுக்கு மடித்து அதன்மேல் போடுங்கள். நேரான குச்சி ஒன்றை விளிம்பில் வைத்து 45 டிகிரியில் உள்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். குச்சி காட்டும் கோட்டில் கண்ணை ஓட்டிப் பார்க்கும்போது படுத்திருப்பவரின் தோளோ பாதமோ தெரிந்தால் சாரலும் அங்கே எட்டும். முகட்டுக் கயிற்றை ஒரு சாண் இறக்கி மறுபடி பாருங்கள். இறக்க இடமில்லாமல் போன பிறகும் பாதம் தெரிகிறதென்றால், அப்போது அடுத்த அளவை வாங்குங்கள்.